தையல் விடாத பெல்ட்

மயிலாப்பூர் டிராமில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த மில் தொழிலாளி, சீட்டில் உட்கார்ந்திருந்த, இயந்திரப் படம் வரையும் டிராயிங் ஆபீஸ்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“நீங்க வரைஞ்ச கிளிப்பு ரொம்ப நல்லா கீது சாமி. அதான் கஷ்டம்.”

“ஏன்ப்பா? மெஷின் பெல்ட்டோட ரெண்டு முனையையும் கெட்டியாத்தானே பிடிச்சிண்டிருக்கு?”

“புட்ச்சிக்கினுதான் கீது. முன்ன தோல்வாரு போட்டுத் தெச்சிருந்தோம். தையல் வுட்டா மிசின் நிக்கும். திருப்பித் தெக்கிற வரிக்கும் எல்லாரும் குந்துவோம். இப்ப நிக்கிறதே இல்ல.”

ஆபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “அடுத்த கிளிப்புல ரெண்டு பல்லைக் கொறைச்சுடட்டுமா?”

“ஐயோ, வாணாம் சாமி. பெல்ட்டு பிச்சிக்கினு வந்து மூஞ்சில அடிக்கும்.” கன்னத்துத் தழும்பைத் தடவினார். “அதுவும் வுட்டுப்போவக் கூடாது, நாங்களும் கொஞ்சம் குந்தணும். அப்டி ஒண்ணு வரைய முடியுமா பாருங்க.”