தூக்காமல் வைத்த பானை

"ஜன. 9, 2009. வெள்ளி. பிற்பகல் 1.10. பானை கவிழ்த்தது. தூக்கவில்லை."

இது என் குசினிக் கலண்டரில், அந்த நாளின் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதியது. சம்பவம் நடந்த இடம் ஜேர்மனியில் டார்ம்ஸ்டாட், மூன்றாம் மாடி, என் சிநேகிதி ஹனானின் வீடு. எழுதிய இடம் இரண்டாம் மாடி, என் வீடு. அவசரத்தில் கிறுக்கியது. ஒன்பது ஏழு போலத் தெரிகிறது. ஆகவே இங்கே மறுபடி சொல்கிறேன். ஒன்பது.

டும்.

சத்தம் தொலைபேசியில் வருகிறது. ஸ்பீக்கர் போட்டிருக்கிறது. தொலைபேசி மேசையில், கவிழ்த்த பானைக்குப் பக்கத்தில். மறுமுனையில் காசா. ஹனானின் தங்கை ரீம் பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. தூரத்துச் சத்தம். ஆனால் அது வெடித்த சத்தம் இல்லை. குத்திய சத்தம். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்லுவோம். ஷெல் புறப்படும்போது குத்தும். பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதிக்குள்தான் எதையாவது செய்ய வேண்டும்.

நான் கத்துகிறேன்.

"விழுந்து படுங்கோ! விழுந்து படுங்கோ!"

காசாவுக்குத் தமிழில் கத்துகிறேன். அரபில் எனக்கு இருபது சொல் தெரியும். இருபதும் சமையல் சொற்கள்.

ஷெல்லின் கூவல். பிறகு தூ, தூ, தூ. தொடர்பு அறுந்துவிட்டது. நான் மேசைக்குக் கீழே இருக்கிறேன். எப்போது போனேன் என்று தெரியாது. ஹனான் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். இரண்டு உள்ளங்கைகளும் பானையின் முதுகில். இன்னும் ஒரு தட்டும் தட்டவில்லை.

அந்தத் தட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

மக்லூபா என்றால் தலைகீழ் என்று பொருள். பானையின் அடியில் தக்காளி வட்டங்கள். மேலே ஏலம், கறுவா, வெங்காயத்தோடு அவித்த கோழி. அதற்கு மேல் பொரித்த கத்தரிக்காய், பொரித்த கோலிபிளவர். எல்லாவற்றுக்கும் மேல் ஊறிய அரிசி. கோழி அவித்த தண்ணீரை ஊற்றி மூடி வேக விடுவார்கள். வெந்ததும் பெரிய தட்டத்தைப் பானையின் வாயில் வைத்து, ஒரே மூச்சில் கவிழ்ப்பார்கள். உடனே தூக்கக்கூடாது. சோறு இறங்க வேண்டும். பானையின் முதுகில் தட்டுவார்கள். ஹனானின் குடும்பத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. பெயர் சொல்லித் தட்டுவது. அதன் பிறகுதான் தூக்குவது.

ரீமின் வீட்டில் ஏழு பேர். ரீம், அவள் கணவன், கணவனின் தாய், மகள் நூர், நூருக்குத் தம்பிமார் மூன்று பேர்.

எனக்குக் கவிழ்த்த பானையைப் பிடிக்காது. 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். வெளிக்கிடும் முன் நான் கடைசியாகச் செய்த வேலை, குசினியில் இருந்த பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. தூசி விழாமல். திரும்பி வந்தவுடன் உலை வைக்கலாம் என்று. அதன் பிறகு கவிழ்ந்த பானையைக் கண்டால் எனக்கு வீடு பூட்டும் சத்தம் கேட்கும். ஹனானிடம் ஒருமுறை சொன்னேன். "எங்களுக்கு அது பெருநாள். உங்களுக்கு அது ஓட்டமோ?" என்று கேட்டாள். பிறகு ஒவ்வொரு முறையும் கவிழ்க்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஹனானைச் சந்தித்தது 2004 வசந்தத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தில், விசா நீட்டிப்புக்குக் குறித்துத் தந்த டெர்மின் அன்று. அலுவலர் என் பத்திரத்தை உரத்து வாசித்தார். பிறந்த இடம், யாஃப்னா. ஜேர்மன் மொழியான டொச்சில் 'ஜ'வை 'ய' என்றுதான் வாசிப்பார்கள். வெளியே வந்தபோது முக்காடு போட்ட ஒரு பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அரபில் பொழிந்தாள். யாஃபாவில் எந்தத் தெரு, யாருடைய மகள் என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய தகப்பன் குடும்பம் 1948இல் யாஃபாவிலிருந்து காசாவின் கடற்கரை முகாமுக்கு விரட்டப்பட்டது. நான் இலங்கை என்று விளங்க வைக்கக் கால் மணி நேரம் எடுத்தது. விளங்கிய பிறகும் அவள் பெயரை மாற்றவில்லை. இன்றுவரை நான் அவளுக்கு யாஃபா. பிறகு அவள் எங்கள் கட்டடத்திலேயே குடிவந்தாள். கணவர் லொறி ஓட்டுபவர். கிழமை நாட்களில் வீட்டில் இல்லை. எங்கள் பொது மொழி அரைகுறை டொச்.

2008 டிசம்பர் 27, சனி. ஹனான் முசக்கான் செய்கிறாள். ரொட்டியின் மேல் ஒலிவ் எண்ணெயில் வதக்கிய வெங்காயமும் சுமாக் என்ற புளிப்பான சிவப்புத் தூளும் பரப்பி, அதன் மேல் சுட்ட கோழி. வெங்காயம் அடுப்பில். தொலைக்காட்சி ஓடுகிறது. காலை பத்தரை தாண்டியிருக்கும். திரையில் புகை. அவளுக்குத் தெரிந்த தெரு. வெங்காயம் கருகியது. ஹனான் வெங்காயத்தைக் கருக விட்டதை நான் அன்று மட்டும்தான் பார்த்தேன்.

அதன் பிறகு அவள் சமைக்கவில்லை. தேநீரும் ரொட்டியும்தான். காசாவில் மின்சாரம் இல்லை. எரிவாயு முடிந்துவிட்டது. கோழி கிடையாது. ரீமின் வீட்டுத் தொலைபேசி மட்டும் வேலை செய்தது. வீட்டு லைனுக்குக் கரண்ட் தேவையில்லை.

ஜனவரி 2, வெள்ளி. கிளிநொச்சி விழுந்த செய்தி வந்தது. என் தங்கை றஞ்சி அங்கிருந்து முன்பே இடம்பெயர்ந்திருந்தாள். கணவன் அன்ரன், மூத்தவன் யூட், இரண்டு பெண் பிள்ளைகள். ஐந்து பேர். டிசம்பர் தொடக்கத்தில் கடைசியாகப் பேசினாள். "அக்கா, வண்டு விடியவிடியச் சுத்துது" என்றாள். வண்டு என்றால் ஆளில்லா வேவு விமானம். அதன் பிறகு தொடர்பே இல்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நாட்களில் எனக்கு ஹனான் மேல் பொறாமை. அவளுடைய தங்கை குண்டுக்கு நடுவில் இருந்தாள். ஆனால் அந்தக் குண்டு கேட்டது. காசாவில் அதே விமானத்துக்கு 'ஸன்னானா' என்று பெயர். ரீங்காரம் என்று பொருள். தொலைபேசியில் அந்த ரீங்காரத்தைக் கேட்டேன். எங்கள் வண்டேதான். என் தங்கையின் தலைக்கு மேல் சுற்றும் சத்தத்தை வேறொருத்தியின் தங்கை வீட்டிலிருந்து கேட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு. நூர் தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். பதினொரு வயது.

"பெரியம்மா, இண்டைக்கு என்ன சமையல்?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி."

"பொய் சொல்லுறியள். நாங்கள் கவலைப்படுவம் எண்டு சொல்லுறியள் இல்லை. சமையுங்கோ. நாங்கள் கேக்கிறம். தம்பிமார் கோழி பொரியிற சத்தத்தைக் கேக்க வேணுமாம்."

ஹனான் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் டொச்சில் சொன்னாள், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அன்று என்னைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு முழுக்கோழி வாங்கி, வெட்டிக் கழுவிக்கொண்டு மேலே போனேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். கத்தினாள்.

"யாஃபா! கோழிக்கு என்ன செய்தனீ? தோல் எங்க?"

தோலை உரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் கோழி என்றால் உரித்துத்தான் சட்டிக்குள் போகும். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அவர்களுக்குத் தோல் இல்லாவிட்டால் அது கோழியே இல்லை. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. காசாவில் ஒரு வீடு முழுக்கச் சிரித்தது. ரீமின் மாமியார் கூட. அன்றிலிருந்து நூருக்கு நான் 'கோழியின் சட்டையைக் கழற்றின மாமி'.

ஐந்து நாள் அப்படி நடந்தது. ரொட்டியைக் கோழிச் சாற்றில் நனைத்துச் சோறு போட்ட ஃபத்தே. அரிசி அடைத்த கோழி. எண்ணெய் காய்ந்ததும் தொலைபேசியை அடுப்புக்கு அருகில் பிடிப்பது என் வேலை. பொரியும் சத்தத்தை அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். அங்கே அவர்கள் சாப்பிட்டது பருப்பும், ஈரமான ரொட்டியும். இது கொடுமையில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "அவள் கேக்கிறாள். நான் குடுக்கிறன்" என்றாள் ஹனான்.

ஜனவரி 9 வெள்ளி, மக்லூபா. தோலோடு. நூர் பெயர் சொல்ல, ஹனான் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கவிழ்த்தோம். ஹனான் என் கையை விட்டாள். டும்.

அதன் பிறகு அந்த எண் கிடைக்கவில்லை. அரபில் பதிவு செய்த ஒரு பெண் குரல். ஒரே வசனம்.

பானையைத் தூக்க ஹனான் விடவில்லை. தட்டாமல் தூக்கக்கூடாது. ரீம் இல்லாமல் தட்டக்கூடாது. இருட்டியதும் தட்டத்தோடு பல்கனியில் வைத்தோம். மைனஸ் பத்துக்குக் கீழே. பானையின் முதுகில் உறைபனி படிந்தது. என் கணவர் செல்வன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையிலிருந்து வந்து, பல்கனியை அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, சோத்துப் பானையைக் கவிட்டுப்போட்டுக் காவல் இருக்கிறியளோ?"



13ஆம் தேதி காலை கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. குளிர் இளகுகிறது. சோறு பழுதாகிவிடும். ஹனான் சட்டைக்கு மேல் கோட்டு கூடப் போடாமல் பல்கனியில் நின்று பானையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். எங்கள் நிலவறையில் பெரிய பெட்டிக் குளிரூட்டி இருந்தது. தமிழ் வீடுகளில் இருப்பதுதான். நிறைய மீன், இறால், கறிவேப்பிலை. எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

"இஞ்சேருமப்பா, அறக்குளா மீனை வெளியில போட்டுட்டு என்ன, பிரேதமே உள்ளுக்கு வைக்கிறியள்?"

சொல்லிவிட்டு செல்வன் ஹனானின் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். குளிரூட்டியின் மூடி கடைசி வரை மூடவில்லை. மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டோம். மூன்று நாள் கட்டடம் முழுக்க மீன் குழம்பு மணம். முதல் மாடி ஜேர்மன்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

ஜனவரி 18, ஞாயிறு. போர்நிறுத்தம். அந்த எண் கிடைக்கவில்லை. 19, திங்கள். கிடைக்கவில்லை.

20, செவ்வாய். மாலை 6.40. என் தலைக்கு மேலே மிதிக்கும் சத்தம். தடார், தடார், தடார். ஹனான் தரையை உதைக்கிறாள். ஓடுகிறேன். ஸ்பீக்கரில் ரீமின் குரல். அழுகை இல்லை. தட்டையான குரல். யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி. முதலில் என்னைக் கேட்டாளாம்.

"சட்டை கழற்றின மாமி நிக்கிறாவோ?"

நிற்கிறேன் என்றேன்.

அப்போது அவள் சொன்னாள். "விலுந்து படுங்கோ."

தமிழில்தான் சொன்னாள். ரீம் சொல்லச் சொல்ல ஹனான் மொழிபெயர்த்தாள். ஒன்பதாம் தேதி அந்தக் குரலைக் கேட்டு எல்லோரும் படுத்தார்களாம். மொழி விளங்கவில்லை. குரல் விளங்கியது. ஷெல் குசினிச் சுவரில் விழுந்தது. ஏழு பேரும் அறைத் தரையில் கிடந்தார்கள். ஏழு பேரும் எழும்பினார்கள். அதன் பிறகு சத்தம் கேட்கும்போதெல்லாம் நூர் தம்பிமாரைப் பார்த்து அதையே கத்துவாளாம். விலுந்து படுங்கோ. அவர்களும் சிரித்துக்கொண்டு படுப்பார்களாம்.

"அது என்ன சொல்? என்ன அர்த்தம்?" என்று ரீம் கேட்டாள்.

சொன்னேன்.

 ஹனான் கேட்டாள், பானையைத் தட்டட்டுமா என்று. தட்டு என்றாள் ரீம்.

"ஏழு."

"ஆறு."

ஹனான் மறுபடி கேட்டாள். ரீம் மறுபடி சொன்னாள். ஆறு.

14, புதன். நூர் பாண் ரொட்டி வாங்க அடுத்த தெருவுக்குப் போனாள். வாங்கிவிட்டாள். திரும்பும்போது ஒழுங்கையில். அங்கே அவளுக்குக் கத்த யாரும் இருக்கவில்லை.

செல்வனும் நானும் நிலவறையிலிருந்து தட்டத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தோம். ரீம் தொலைபேசியில் காத்திருந்தாள். சூடான மக்லூபாப் பானையைத் தட்டினால் பொத், பொத் என்று கேட்கும். இது கல்லைத் தட்டுவது போலக் கேட்டது. ரீம் பெயர் சொன்னாள். ஹனான் தட்டினாள். டங். டங். டங். டங். டங். டங். ஆறாவதுக்குப் பிறகு அவள் கை மேலேயே நின்றது. இறங்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

பிறகு அவள் என் கையை எடுத்துப் பானையின் மேல் வைத்தாள்.

"யாஃபா, உன்ர தங்கச்சி வீடு. எத்தினை பேர்?"

"ஐந்து."

"தட்டு."

தட்டினேன். றஞ்சி. அன்ரன். யூட். சின்னவள்கள் இரண்டு பேர். வெந்நீரில் நனைத்த துணியைப் பானையைச் சுற்றிப் போட்டோம். தூக்கினோம். சோறு பானையின் வடிவத்திலேயே நின்றது. சூடாக்கிச் சாப்பிட்டோம். தோல் இருக்கிறதா என்று ரீம் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

இதை எழுதுவது 2009 நவம்பரில். கணக்கு இது.

ரீமின் வீட்டில் போனது: நூர். குசினி. தண்ணீர்த் தாங்கி. அவள் கல்யாணத்துக்கு வந்த மக்லூபாப் பானை. நடுப்பையனின் வலது காது கேட்பதில்லை.

றஞ்சியின் வீட்டில்: றஞ்சியும் இரண்டு பெண்களும் வவுனியா முகாமில் இருக்கிறார்கள். பார்த்து உறுதிசெய்யப்பட்டது. சின்னவளுக்கு இடது காலில் மூன்று விரல் இல்லை. அன்ரனும் யூட்டும் அங்கே இல்லை. விசுவமடு தாண்டிய சனநெரிசலில் இவர்களிடமிருந்து பிரிந்தார்கள். ஜனவரி என்பது மட்டும் றஞ்சிக்கு நினைவு. தேதி நினைவில்லை. தைப்பொங்கலுக்கு முன்பே இரண்டு பேரும் ஒரு பங்கருக்குள் மூடுண்டதாக ஒருவர் சொல்கிறார். மாசியில் யூட்டைத் தண்ணீர் வரிசையில் கண்டதாக இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேரும் நேர்மையானவர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது.

ஜனவரி 20 மாலை நான் ஐந்து தட்டினேன். அந்த மாலை அவர்கள் ஐந்து பேராக இருந்தார்களா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.