வீராயி வெட்டிய கரை

— அறுபது வயசுன்னு சொன்னா என்ன வீராயி, நாக்கு சுட்டுடுமா?

— எனக்கு முப்பத்தெட்டுங்க வக்கீல் சாமி. அறுபதுன்னா எங்க மாமியாருக்கே நான் அக்காவாயிடுவேன்.

— சரி, வயசு வேண்டாம். புருஷன் இல்லாதவ, ஆதரவத்தவன்னு...

— அப்ப முசிறியிலேருந்து என்னை வண்டி கட்டிக் கூட்டியாந்து வாசல்ல நிக்கிறவரு யாருங்க?

— இதைக் கேளு. நீ கரையை வெட்டலேன்னு சாதிக்க முடியாது. பட்டப்பகல்ல வெட்டியிருக்கே. ஆக, குத்தத்தை ஒத்துண்டு, தண்டனையைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்கோன்னு கேக்கப்போறோம். அதுக்கு மாஜிஸ்திரேட் மனசு இளகணும்.

— சந்தையில வெலை கொறைக்கிற மாதிரிங்களா சாமி?

— கிட்டத்தட்ட. ஆனா அங்கே நீ வாயைத் திறக்கப்படாது.

— வாயைத் தொறக்காம எப்படிங்க கொறையும்?

— ஏன்னா, அவ கேக்கறது நியாயம்தானே?

— செண்பகம், ஆம்படையான் கட்சிக்காராளோட பேசறச்சே நடுவுல வராதே. வீராயி, பண்ணினதுக்கு வருத்தப்படறேன்னாவது சொல்லுவியோ?

— வருத்தமா? ஆடியில காவேரி பொங்கி வந்தப்ப நீங்க பாக்கலைங்க சாமி. எங்க தெருவுல முப்பது குடிசை. இடுப்பளவு தண்ணி. புள்ள பெத்து மூணு நாளான வள்ளிக்கண்ணு, பச்சப்புள்ளையோட பரண்ல ஏறிக் குந்தியிருந்தா. பக்கத்துல பள்ளமா ஒரு வாழைத்தோப்பு. சுத்தியும் கரை கட்டி, உள்ள சொட்டுத் தண்ணியில்லை. கரையில நாலு முழம் வெட்டினேன். வெள்ளம் அந்தாண்ட திரும்பிருச்சு. மறுபடி வெள்ளம் வந்தா மறுபடி வெட்டுவேன்.

— பேஷ்! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பெரிய சேதத்தைத் தடுக்கச் சின்ன சேதம்! இதைக் கேளு. "கனம் கோர்ட்டார் அவர்களே, வாழை போனால் பக்கக்கன்று முளைக்கும். பச்சைக் குழந்தை போனால் முளைக்குமா?" எப்படி?

— நன்னாயிருக்கு. இன்னொரு தரம் சொல்லுங்கோ.

— நீ இன்னும் உள்ளே போகலையா? வீராயி, இதுக்குப் போய்ப் பிராது கொடுத்தானே, அந்த ஈவிரக்கமில்லாத ஜென்மத்தைக் கூண்டுல ஏத்தி நார் நாராக் கிழிக்கறேன். யாரவன்? சம்மனைக் கொடு.

— மடியில இருக்குங்க. இந்தாங்க.

— இத்தனை நாழி ஏன் இதைக் காட்டலே?

— நீங்க கேக்கலைங்களே சாமி.

— பிராது கொடுத்தவர், காரியஸ்தர் பராசரன்... நம்ம பராசரனா? தோப்புக்குச் சொந்தக்காரர், ஸ்ரீரங்கம் உத்தர வீதி, வக்கீல் சாரங்கபாணி பாரியாள் செண்பகவல்லி... அடிப்பாவி! இது என் மாமனார் இவளுக்கு எழுதிக் கொடுத்த தோப்புன்னா!

— ஆமாங்க சாமி.

— எண்ணூறு வாழை! அத்தனையும் குலை தள்ளி நின்னுது! கரை போயிடுத்து, மேல் நடவடிக்கை எடுக்கறேன்னு பராசரன் எழுதினான். கரையைத் திரும்பக் கட்டறான்னு நான் நினைச்சுண்டிருக்கேன்!

— வாழை போனா பக்கக்கன்னு முளைக்கும்னீங்களே?

— அது கோர்ட்டுக்கு!

— அந்தப் பச்சப்புள்ள?

— அதுவும்... அதுவும் கோர்ட்டுக்குத்தான். எழுந்திரு. இந்தக் கேஸே எனக்கு வேண்டாம். பராசரன் பக்கம் நின்னு நானே மூணு மாசம் வாங்கித் தரேன், பாரு.

— ஏன்னா, அப்போ அந்த ஈவிரக்கமில்லாத ஜென்மம் யாரு? பராசரனா, நீங்களா?

— உன் தோப்பு அழிஞ்சு கிடக்கு, நீ பாட்டுக்குச் சிரிச்சுண்டு நிக்கறே!

— இவளை உங்ககிட்ட அனுப்பினதே நான்தான். யார் தோப்புன்னு முதல்லயே சொன்னா வாதம் வராதுன்னு, வாயை மூடிண்டிருன்னேன்.

— நீயா? இவளை உனக்கெப்படித் தெரியும்?

— ஆடிக்கு நான் முசிறியில பொறந்தாத்துல இருந்தேனே, மறந்துட்டேளா? கரை வெட்டறச்சே பராசரனும் அங்கேதான் நின்னான். குத்தவாளின்னு எஜமானி பேரை எழுத பயம், இவ பேரை மட்டும் எழுதிட்டான்.

— எஜமானி பேரை எதுக்கு எழுதணும்? செண்பகம், என்ன சொல்றே நீ?

— ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ. முதல் வெட்டு நான்தான் வெட்டினேன்.