நீளம் பூஜ்யம்

அன்று அறையில் இருந்தவர்கள்: என் தங்கை, அவள் கணவருக்காக வாதாடிய வக்கீல், குளிர்கிடங்கின் மேலாளர், ஸ்டேஷனிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர், நான். நாற்காலி நாலுதான் இருந்தது. போலீஸ்காரர் நின்றுகொண்டே இருப்பதாகச் சொல்லிவிட்டார், அதனால் சங்கடம் வரவில்லை.

நீங்கள் அங்கே இல்லை. ஆனால் அன்று ஓடிய நம் மென்பொருள் கருவியில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த இரண்டு வரி நிரல் இருந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். "முன்னெல்லாம் மீண்டு வந்த ஃபைல்கள் இப்போ காலியா வருதுன்னு ஒருத்தர் புகார் பண்றார், உங்க திருத்தத்தை வாபஸ் வாங்கிடலாமா?" என்று நேற்று கேட்டீர்கள். வாங்க வேண்டாம். திருத்தம் சரியானது. எதற்காகச் செய்தேன் என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுக்கும் கடையில் இரவு வேலை. ஆள் தொல்லை கிடையாது. கிடைத்த பொழுதில்தான் இணையம் வழியாக உங்களோடு சேர்ந்து இந்தப் பழுதுநீக்கும் கருவியைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். காலையில் வேலை முடிந்து வந்து மணியை அடித்தால் அவள் எழுந்து வந்து திறப்பாள். பாதித் தூக்கத்தில், தலைமுடி கலைந்து, "வந்துட்டியாண்ணா" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் கல்யாணமாகிப் போன பிறகு சாவி போட்டு நானே திறந்துகொள்ள வேண்டியதாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்த நிலைமையைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. எனக்கு 'ஆந்தை மச்சான்' என்று பேர் வைத்தவர் அவர்தான். "ஊர்ல இருக்கிற டிஸ்க்கையெல்லாம் சரி பண்றீங்க மச்சான், உங்க மூஞ்சியை எப்ப சரி பண்ணப் போறீங்க?" என்பார். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்த வருஷம் அவருக்கு ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் ரொம்ப தூரம். "மாசக் கடைசியில கிளம்பறோம்ணா" என்று தங்கை வந்து சொன்னாள். எனக்காக முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவளுக்கு நடிக்க வராது.

கிளம்புவதற்குள் கிடங்கின் மேற்பார்வையாளர் செத்துப்போனார். குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவின் தாழ் வெளிப்பக்கம் விழுந்திருந்தது, உள்பக்கக் கைப்பிடி எப்போதோ கழன்று போயிருந்தது. காலையில் திறந்தபோது பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். முந்தின நாள் மத்தியானம் அவருக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு விஷயமாக வாக்குவாதம். "ஒருநாள் இல்ல ஒருநாள் உங்களை உள்ள வச்சுப் பூட்டறேன் பாருங்க" என்று மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்டவர்களுக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது, சிரிப்பு ஞாபகம் இல்லை. போலீஸ் அவரைக் கொலைக் கேஸில் பிடித்துப் போனது.

அந்தக் கதவைப் பார்த்தபடி ஒரு கேமரா உண்டு. ஆனால் அன்றைய பதிவு மட்டும் திறக்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் வந்திருக்கிறது. அந்த ஒரு ஃபைல் திறந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் உள்ளே. டிஸ்க்கை எங்கள் கடைக்கே வரவழைக்க வக்கீல் ஏற்பாடு செய்தார். சொந்தக்காரன் கையில் எப்படிக் கொடுப்பது என்று மேலாளர் தரப்பில் ஆட்சேபம் வந்தது. எல்லார் முன்னாலும் வைத்துச் செய்கிறேன், கடைசியாக வெளிவந்த பதிப்பை மட்டும் பயன்படுத்துகிறேன், அதையே உத்தரவிலும் எழுதிவிடுங்கள் என்றேன். வக்கீலுக்கு அது பிடித்திருந்தது. "உங்க அண்ணன் விவரமான ஆளும்மா" என்று தங்கையிடம் சொன்னார்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஃபைலைப் பற்றியும் டிஸ்க்கில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: அதன் நீளம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது. கேமராவின் பதிவுக் கருவி, பதிவு முடிந்த பிறகுதான் நீளத்தை எழுதும். நடுவில் மின்சாரம் போனதால் படமெல்லாம் கட்டங்களில் கிடக்க, குறிப்பில் நீளம் பூஜ்யம் என்று நின்றுவிட்டது. வாசலில் 'ஆளில்லை' என்று பலகை, உள்ளே விளக்கு எரிகிறது. அந்த மாதிரி.

நம் கருவி இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். நீளத்துக்கு மேல் எந்த ஃபைலாவது கட்டங்களை வைத்திருந்தால், அவற்றைப் பிடுங்கித் துடைத்து வைப்பது அதன் வேலை. இல்லையென்றால் ஒருவர் சரக்கு இன்னொருவர் ஃபைலுக்குள் தலைகாட்டும். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு பிழை இருந்தது. நீளம் பூஜ்யமாக இருந்தால் சோதனையே நடக்காது, தாண்டிப் போய்விடும். எனக்கு அது வெகுநாளாகத் தெரியும். பேசாமல் இருந்தேன். அந்தப் பிழை விட்டு வைத்த கட்டங்களிலிருந்து எத்தனையோ பேருடைய கல்யாணப் படங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

டிஸ்க் வந்ததும் வழக்கம்போல நகல் எடுத்தேன். நகலில் அப்போதிருந்த பதிப்பை ஓட்டினேன். ஃபைல் தப்பித்தது, படத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்துகிறார். தொப்பியைக் கழற்றிக் கேமராவைப் பார்த்து ஒரு சல்யூட் வைக்கிறார். தினமும் வைப்பார் போலிருக்கிறது. மற்றவர்களோடு வெளியே போகிறார். திரும்பி வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து மேற்பார்வையாளர் தனியாக உள்ளே நுழைகிறார். சாத்தி வைத்திருந்த தள்ளுவண்டி நகர்ந்து கதவில் மோதுகிறது. கதவு மூடுகிறது, தாழ் தானாக விழுகிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இரண்டாவது தடவையும் பார்த்தேன். பிறகு நகலை அழித்தேன். டிஸ்க் நோஞ்சானாக இருக்கிறது, நகல் பாதியில் நின்றுவிட்டது, அசல் டிஸ்க்கிலேயே ஓட்ட வேண்டியதுதான் என்று வக்கீலுக்குச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்தத் திருத்தத்தை உங்களுக்கு அனுப்பினேன். பூஜ்யத்தையும் சோதனையில் சேர்க்கும் இரண்டு வரி. நீங்கள் நிதானமாகத்தான் பார்த்தீர்கள், குறை சொல்ல மாட்டேன். சோதனைகள் எல்லாம் தேறின. "இத்தனை நாளா நாங்க யாரும் கவனிக்கலையே, கில்லாடிங்க நீங்க" என்று எழுதினீர்கள். அந்த வாரமே புதிய பதிப்பு வெளிவந்தது. பொய்யாக ஒரு வரியும் நான் எழுதவில்லை. இருந்த பிழையைத் திருத்தினேன். உலகத்தில் எந்தச் சட்டத்தில் அது குற்றம்?

எல்லாரும் கூடிய அன்று தங்கை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"வந்துடுமாண்ணா?"

"ஓடட்டும், பார்ப்போம்."

"மனசைத் தேத்தறதுக்காகவாவது வரும்னு சொல்லேன்."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அண்ணனைத் தொந்தரவு பண்ணாதம்மா. வேலை செய்யட்டும்."

திரையில் வரிகள் ஓடின. அந்த ஃபைலின் முறை வந்தது, போனது. கடைசியில் 'கோளாறு ஏதும் மீதமில்லை' என்று வந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணா, சரியாயிடுச்சா? கோளாறே இல்லைன்னு போட்டிருக்கே."

"சரியாயிடுச்சு" என்றேன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். போலீஸ்காரர்கூடச் சிரித்தார். பிறகு வக்கீல் ஃபைலைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். கறுப்பாக இருந்தது. "என்னப்பா இது, ஒண்ணையும் காணோமே?" என்றார். நீளம் பூஜ்யம் என்று காட்டினேன். பதிவே ஆகவில்லை போலிருக்கிறது என்றேன். மேலாளர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். அவர் எனக்குக் காசு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கையின் கை மட்டும் என் தோளிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள்.

தீர்ப்பு வந்த பிறகு அவளை என் வீட்டுக்கே அழைத்துவந்தேன். வேறு எங்கே போவாள்? முதல் சில நாள் காலையில் மணி அடித்ததும் வந்து திறந்தாள். பிறகு திறப்பது நின்றுவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருப்பேன், உள்ளே விழித்துத்தான் இருப்பாள். ஒருநாள் நான் வருவதற்குள் கிளம்பிப் போய், சிறை வாசலில் செருப்புகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மனசு சரியில்லாதவளை அப்படி விட முடியாது. அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை பார்க்க அழைத்துப் போகிறேன். நான் தவறவிட்டதில்லை. நேற்றும் போனோம். மாப்பிள்ளை மெலிந்துவிட்டார். ஆந்தை என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டார். "மச்சான், அந்த டிஸ்க்கை இன்னொரு தடவை பார்க்க முடியாதா? உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்றார். துடைத்த கட்டத்தில் எதுவும் மிஞ்சாது என்பதை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி மச்சான். இவளைப் பத்திரமா பாத்துக்கங்க. உங்களை விட்டா இவளுக்கு யாரு?" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயாலேயே கேட்டேன்.

இதற்கு மேல் என்ன சொல்ல? எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. கோபத்தில் செய்பவன் தடுமாறுவான், நான் தடுமாறவில்லை. அவர் குற்றமற்றவர் என்று தெரிந்துதான் செய்தேன். புகார் சொல்பவருக்குப் பதில் எழுதிவிடுங்கள்: கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது.

பஸ்ஸில் அவளோடு திரும்பினேன். வீடு வந்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றினாள். அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன், திரும்பவும் எங்கேயாவது கிளம்பிவிட மாட்டாள் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை. "சாப்பிட்டுட்டுத் தூங்கும்மா, காலையில வந்துடறேன்" என்றேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். விளக்கைப் போடவில்லை. அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.