சாவி உள்ளே, ரோஸ்கோவும் உள்ளே

ஹலோ... ஹலோ, கிராடி? நான்தான், டெல்லா... உன் சித்தப்பா பொண்ணு டெல்லாடா, வேற எத்தன டெல்லா இருக்கா உனக்கு?... சரி, கேளு. நான் புதுசாக்கிட்டிருக்கிற அப்பாவோட பழைய பிக்கப் வண்டிக்கு ஒரு பூட்டு மாட்டிக் குடுத்தியே, தானா பூட்டிக்கிற பூட்டு... ஆமா ஆமா, அதேதான். அத வெளிய இருந்து எப்படித் திறக்கிறது?... சாவியாலயா. ரொம்ப சந்தோஷம். சாவி வண்டிக்குள்ள இருக்கு...

...முடிச்சிட்டியா?... இல்ல, நல்லா சிரி. நான் நிக்கிறேன். டெக்சாஸ் வெயில்தானே, எனக்கென்ன.

...ஓடுது, எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருக்கு. வீட்டு முத்தத்துல நிக்குது. ஏசியும் ஓடுது. ரோஸ்கோவும் உள்ளதான் இருக்கான்... எங்க நாய்டா. டிரைவர் சீட்ல ஏறி உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குறான். நான் என்னமோ ரோட்டோரமா நின்னு லிஃப்ட் கேக்குற மாதிரி.

எப்படின்னா... கராஜ்ல இருந்து முதல் தடவையா வெளிய ஓட்டிட்டு வந்தேன். கேட்டத் திறக்க இறங்கினேன். கதவச் சாத்தினேன். திரும்பி வந்து பாத்தா பூட்டிக்கிச்சு... சாவிய எடுத்துட்டு இறங்கணுமா? நம்ம ஊர்ல எவன்டா சாவிய எடுத்துட்டு இறங்குறான்? நீ எடுப்பியா?... போன வாரம் பக்கத்துப் பண்ணைக்காரர் உன் வண்டிய எடுத்துட்டுப் போய் வைக்கோல் ஏத்தினாரே, கேட்டுட்டா எடுத்தாரு?... ஆங். அப்புறம். ஹூஸ்டன்காரனுக்குப் பண்ணின பூட்ட என் தலையில கட்டிட்டு எனக்குப் புத்தி சொல்றியா நீ.

அது இல்லடா இப்ப பிரச்சன. லபக் டவுன்ல இருந்து அந்த ஆளு மத்தியானம் வராரு... வண்டிய வாங்கத்தான், டிரெய்லரோட. அவரு வர்றதுக்குள்ள இது தன் கால்ல ஓடிக் கேட்டத் தாண்டணும். தாண்டிட்டா நம்ம வீட்டுல இருக்கும், இல்லன்னா அவரு டிரெய்லர்ல ஏறித் தாண்டும். அப்பா பேச்சு அதுதான்... ஆமா, அம்மாவ வெச்சுக்கிட்டே சொன்னாரு. மாத்த மாட்டாரு... எனக்குத் தெரியாதா உன் சித்தப்பாவ?

ம்... ம்... கம்பியா? பாத்துட்டேன். கதவு ரப்பர் அவ்வளவு இறுக்கமா இருக்கு, எறும்பு கூட நுழையாது... நான்தான், நான்தான் மாட்டினேன், பெருமையா உனக்குப் போட்டோ கூட அனுப்பினேன். தெரியும்.

...எது, அந்த முக்கோணக் கண்ணாடியா? ஜன்னலுக்கு முன்னாடி சின்னதா இருக்குமே?... எடுத்துட்டேன்டா. ரெண்டு பக்கமும். இப்ப ஒரே கண்ணாடி... ஆமா, அது இருந்திருந்தா தள்ளிக் கைய விட்டிருக்கலாம். ஆமா. அப்பா அது ஒண்ணுக்குத்தான் என்கூடச் சண்டையே போட்டாரு. எஞ்சின மாத்தினேன், ஒண்ணும் சொல்லல. பிரேக்க மாத்தினேன், ஒண்ணும் சொல்லல. அந்தக் கண்ணாடிய எடுத்ததும் ரெண்டு நாள் பேசல. காத்து அது வழியா நேரா நெஞ்சுல வந்து படுமாம்.

செங்கல்லால உடைக்கவா? உன் வாயில வை அத... கிராடி, இரு. ரோட்டுல தூசி தெரியுது. அப்பாதான்டா. தீவனக் கடையில இருந்து வந்துட்டாரு. வெச்சிடாத, லைன்லயே இரு.

...இல்லப்பா, கிராடிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்... ஆமாப்பா, வெளிய எடுத்துட்டேன்... இல்லப்பா, ஓடிக்கிட்டுதான் இருக்கு... நிஜமா ஓடுதுப்பா. பானெட்ல கை வெச்சுப் பாருங்க.

கிராடி, நம்ப மாட்டேங்கிறாரு. காத வெச்சுக் கேக்குறாரு, டாக்டர் மாதிரி... பழைய எஞ்சினக் கிளப்பினா சர்ச்சுல பிரசங்கமே நிக்குமே. இது மூச்சு கூட விட மாட்டேங்குது, பாவம் அவருக்கு என்ன தெரியும்?

...என்னப்பா?... ஏறத்தான்பா போறேன்... அது வந்து... பூட்டிக்கிச்சுப்பா... நான் பூட்டலப்பா. அதுவா... கிராடி மாட்டினதுப்பா... உன் பேரச் சொல்லாம வேற யாரு பேரச் சொல்றது, சும்மா இருடா.

அப்பா தொப்பியக் கழட்டிட்டாரு. அவரு தொப்பியக் கழட்டினா ஒண்ணு ஜெபம், இல்ல சாவு... ஐயோ, கேட்டுக்குப் பக்கத்துல டிரெய்லர் வந்து நிக்குது. லபக்காரர். அதுக்குள்ள வந்துட்டாரு மனுஷன்... போச்சு கிராடி. முடிஞ்சுது. ரெண்டு வருஷ வேலை.

...என்னது? இரு இரு. ரோஸ்கோ அப்பாவப் பாத்துட்டு ஜன்னல்ல குதிக்கிறான். தொப்பி கழண்டா தன்னக் கொஞ்சப் போறாருன்னு நெனப்பு அவனுக்கு. டேய் ரோஸ்கோ, பெயின்ட்ட பிராண்டாதடா... கிராடி. கிராடி... கண்ணாடி இறங்குது. நான் கதவுல வெச்ச பட்டன் மேல கால வெச்சிட்டான். இறங்குதுடா, முழுசா இறங்கிடுச்சு.

...ம்? அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றாரு. நாய்க்கு இருக்கிற வெவரம் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து இல்லையாம்... என்னையும்தான்டா சொல்றாரு.

உள்ள கைய விட்டுக் கதவத் திறந்துட்டாரு. ரோஸ்கோவத் தள்ளி உக்காரச் சொல்றாரு... அப்பா, நான் ஓட்டுறேன்ப்பா... அப்பா. காதுல வாங்கல. ஸ்டியரிங்க ஒரு விரலால திருப்புறாரு. அந்தப் பக்கம். இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். முன்னெல்லாம் ரெண்டு கையாலயும் மல்லுக் கட்டணுமே.

நகர்றாருடா... தெரியல, ஓட்டி வெளிய எடுத்துக் குடுக்கப் போறாரோ என்னவோ. டிரெய்லர் பக்கம்தான் போறாரு... வேகம் கொறையுது... நிறுத்தப் போறாரு. என்னால பாக்க முடியல, நீ ஏதாவது பேசு... இல்ல, பேசாத, இரு...

ரெண்டு விரலத் தூக்கினாரு. ஸ்டியரிங்ல கைய வெச்சபடியே லேசா, எதிர்ல வர்ற வண்டிக்காரனுக்குக் காட்டுவாங்களே, அது மாதிரி. அவ்வளவுதான். கேட்டத் தாண்டிட்டாரு... தாண்டிட்டாருடா கிராடி. திரும்பி ரோட்டுல ஏறிட்டாரு. ரோஸ்கோ தலைய வெளிய நீட்டிக்கிட்டுப் போறான்.

...ம்... ம்... இரு, லபக்காரர் இறங்கி வராரு. வாங்க சார்... ஆமா சார், இந்த வீடுதான்... அந்தப் பழைய பிக்கப்பா? இப்ப உங்களத் தாண்டிப் போச்சே சார், அதேதான்... எப்ப வருவாருன்னா... தெரியல சார். டேங்க் முழுசா இருக்கு.

...கிராடி, காதுல கத்தாத. வெச்சுத் தொல.