போதகர் துரைசிங்கம் அடிக்கச் சொன்ன வரி

ஈப்போ நகரின் இனிய மேய்ப்பரே! இருபத்தாறு ஆண்டு வெயிலையும் மழையையும் ஒரே கறுப்புக் குடையால் வென்ற கருணைக் கடலே! யாழ்ப்பாணம் ஈன்று பேராக் போற்றும் பெருந்தகையே! யோசேப்பு துரைசிங்கம் போதகர் அவர்களே, வணக்கம்!

ஊர் திரும்பும் உங்களுக்கான இப்பிரியாவிடை மடல் சென்ற மாதமே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏன் தாமதமென்று சபையோர் முணுமுணுக்கிறார்கள். போதகர் அனுமதித்துவிட்டார், சொல்லிவிடுகிறோம்.

தோட்டந்தோறும் சைக்கிளில் போய் ஜெபம் செய்வதும், முடிந்ததும் தொழிலாளர் வசிக்கும் லயத்து வாசலில் அமர்ந்து, எழுத்தறியாதவர்களுக்கு ஊர்க்கடிதம் வாசித்துப் பதில் எழுதிக் கொடுப்பதும் போதகர் ஐயாவின் வழக்கம். அச்சுக்குப் போகுமுன் மடலை அவரிடம் காட்டினோம். ‘பொய்யறியா நாவினரே!’ என்ற வரியில் அவர் கண் நின்றுவிட்டது. எழுந்தார், சன்னலுக்குப் போனார், வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“இந்த வரியை அடிச்சுவிடுங்கோ, மாஸ்டர்.”

தலைமையாசிரியர் பஞ்சலிங்கம் இதைத் தன்னடக்கமென்று எண்ணி, இன்னும் இரண்டு அடைமொழி சேர்க்கப் பார்த்தார். அதற்குள் போதகரின் துணைவியார் ஞானம்மா உள்ளிருந்து வந்து, கணவரை நேராகப் பார்த்தார்.

“உந்த விஷயத்தை அந்தப் பிள்ளை ராக்காயியிட்டைச் சொல்லாமல் கப்பலேறினால் நான் உங்களோட வரமாட்டன். தனியப் போங்கோ.”

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. 1918ஆம் ஆண்டுக் கொள்ளைக் காய்ச்சலில், தாப்பா நகருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப்பால் வெட்டும் ராக்காயி தன் கணவன் சீனியைப் புதைத்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. ஊரில் அண்ணன் வீட்டில் விட்டு வந்த நாலு வயது மகனும் போய்விட்டான் என்று கடிதம் வந்தது. பிரித்த போதகருக்கு அதைச் சொல்ல நா எழவில்லை. “பையன் சுகம்” என்று வாசித்துவிட்டார். அந்த ஒரு வாரத்துக்குத்தான் என நினைத்தார். ஒன்பது வருடம் ஓடியது. அண்ணன் கடிதம் வரும்போதெல்லாம் பையனை இவராகவே ஒரு வகுப்பு ஏற்றிவைத்தார். அவள் மகனுக்குச் சொல்லும் வார்த்தைகளை மட்டும் எழுதாமல் விட்டார். பிரசங்கத்தில் ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்ற ஒன்பதாம் கற்பனை வந்தால் ஏன் இருமுகிறார் என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கையில் சைக்கிளை எடுத்தார். ராக்காயி பால்வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒம்பது வருசமா என்னைய அழுவ விடல சாமி. இப்ப அழுவப் போறேன். நீங்க பாட்டுக்குக் கப்பல் ஏறிடுவீங்க. அவன் நல்லாருக்கான்னு சொன்ன வாயி எம் பக்கத்துல இருக்க வேணாமா?”

கப்பல் பினாங்கிலிருந்து போய்விட்டது. போதகரும் ஞானம்மா அம்மாளும் லயத்தில் காலியாய்க் கிடந்த அறையில் தங்கினார்கள். கருமாதிச் சடங்கு முடியும்வரை போதகர் அங்கே உட்காரலாமா என்று எங்களில் சிலர் காரசாரமாகப் பேசினோம். இன்று வெட்கப்படுகிறோம். அவர் சடங்கில் கை வைக்கவில்லை. அவள் மகனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள், வேதாகமத்துக்குள் ஒளித்து வைத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து உள்ளது உள்ளபடி வாசித்தார்.

ஐயா! வரியை அடித்துவிட்டோம். அந்த இடத்தில் வேறு புகழ் எதுவும் போடவில்லை. வெறுமையாகவே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ராக்காயி வரவில்லை. மன்னித்தேன் என்றும் அவள் சொல்லவில்லை. காலையில் ஆளனுப்பினாள்:

“ஊரு போயிச் சேந்ததும் கடுதாசி போடச் சொல்லுங்க. வேற ஆள வெச்சு வாசிச்சுக்கிறேன்.”

ஆகவே, அன்புக்குரியவரே, அம்மையாரோடு அலையடங்கிய கடலில் நலமே சேர்ந்து, நோயின்றி நூறாண்டு வாழ்க! முதல் கடிதம் அவளுக்கே எழுதுக!

இங்ஙனம்,
மிஷன் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும் சபையாரும்,
ஈப்போ, 1927.