நாற்பத்தோரு மணி ஏழு நிமிடம்

வினய், எனக்கு விளையாட்டு எதிலும் நாட்டம் கிடையாது. செக்ரட்டேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். மதியம் எல்லோரும் கேரம் ஆடும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் நீ போனில், "அந்த மெஷினை வேற யாராவது தொடறாளா?" என்று கேட்டபோது, "எனக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாதேப்பா" என்று நான் சொன்னது உனக்கு நம்பும்படி இருந்திருக்கும். அது பொய். வெள்ளிக்கிழமை உன் தங்கை சுப்ரியாவை அழைத்துப்போக வருகிறாய். அதற்கு முன் எழுதிவிடுவதுதான் முறை.

அந்த மெஷினில் இருக்கும் கேம் என் பிள்ளை சாய் பத்து வயதில் ஆடியது, மஸ்கட்டிலிருந்து அவன் மாமா வாங்கி வந்தது. பழைய கருவியின் திரை எப்போதோ மங்கிவிட்டது. கேம் அடங்கிய கேட்ரிட்ஜை மட்டும் ஒரு பான்ட்ஸ் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். சுப்ரியாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு புதுக் கருவி ஒன்று வரவழைத்தான். பழைய கேம்களை ஆடுவதற்கென்றே இப்போது செய்கிறார்களாம். இவனுடைய கேட்ரிட்ஜ் அதில் நேராகப் பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அதில் கேட்ரிட்ஜைச் செருகி, அதைக் கருவியின் முதுகில் செருகினால் படம் வரும். அடாப்டர் இல்லாவிட்டால் வெறும் கறுப்புத் திரைதான். ஆடியவன் பெயரையும், ஆடிய நேரத்தையும் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி காப்பாற்றி வைத்திருக்கிறது.

எலிக்காய்ச்சலில் நாலே நாளில் சாய் போனான். சுப்ரியா அந்தக் கருவியை அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஆன் செய்வாள். ஆட மாட்டாள். திரையில் அவன் பெயர், பக்கத்தில் நாற்பத்தோரு மணி ஏழு நிமிடம். அதைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவாள்.

முதல் தடவை நான் செய்தது தெரியாமல் செய்தது. என் பிள்ளை அதில் அப்படி எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு மத்தியானம் ஆன் செய்தேன். ஒரு குட்டி மனிதன் மரப்பாலத்தின் முன்னால் நின்றான். அவனை நடத்த எனக்குத் தெரியவில்லை. எதையெதையோ அழுத்தினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆபீஸ் பழக்கம், சரி என்று அழுத்திவிட்டேன்.

சாயங்காலம் அவள் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்கோ. நேத்திக்கு ஏழு நிமிஷம். இன்னிக்குப் பத்தொம்பது காட்றது. சாய் வந்துட்டுப் போயிருக்கான்பா."

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவள் அன்று நாலு தோசை சாப்பிட்டாள். சட்னி போதாமல் மறுபடி அரைத்தாள். நான் சொல்லவில்லை.

வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லாததால் அவனுக்கு மாசிகம் நான்தான் செய்தேன். ஒவ்வொரு மாசமும் காரியம் முடிந்து, விரலிலிருந்து தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றியதும் அவன் அறைக்குப் போவேன். அவள் இலைகளை எடுத்துக்கொண்டிருப்பாள். ஆட்டம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்று அதற்குள் புரிந்திருந்தது. ஆன் செய்து வைத்துவிட்டுக் கடைசியில் சேமித்தால் போதும். குட்டி மனிதன் பாலத்தருகே நிற்பான், நேரம் பாட்டுக்கு ஓடும். திதியன்று மட்டும் நேரம் கூடுகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பூனேயில் உன் கம்பெனியில் அவளுக்கு வேலை பார்த்தாய் அல்லவா. ஆப்திகத்துக்கு, அதாவது முதல் வருஷ திதிக்கு, முந்தின வாரம் என்னிடம் வந்து சொன்னாள்.

"ஒரு வருஷம் முழுசாத் திகைஞ்சா அவன் பித்ருக்களோட சேர்ந்துடுவான்னு சாஸ்திரிகள் சொன்னார். நானும் அண்ணாகிட்டப் போறேன்பா. ஒங்களை விட்டுட்டுப் போறதுதான் எனக்கு விஷமமா இருக்கு, மனசே வரலை, கேட்டேளா."

"நல்லபடியாப் போயிட்டு வாம்மா" என்றேன்.

ஆப்திகத்தைக் குறைவில்லாமல் செய்தேன். எள்ளும் தண்ணீரும் இறைத்து, என் கையாலேயே அவனை அனுப்பிவைத்தேன். மறுநாள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைக்கலாம் என்று அவள் எடுத்தாள். அடாப்டர் இல்லை. கட்டிலை நகர்த்தினாள், அரிசி டின்னைக் கவிழ்த்தாள், பெட்டியைப் பிரித்துக் கொட்டினாள். நானும் கூடவே தேடினேன். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான். பூனே ஏர்போர்ட்டில் நீ நின்று நின்று எனக்குப் போன் செய்தது நினைவிருக்கும்.

அடுத்த நாள் காலை அடாப்டர் சாயின் படத்துக்கு முன்னால் இருந்தது. நேரம் நாலு மணி கூடியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போகாதேன்னு சொல்றான்பா."

பெட்டியை நான் பரணில் ஏற்றி வைத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். சாயின் அம்மா முன்பே போய்விட்டாள். எங்கள் ஸ்ரீவராகம் பகுதி முழுவதற்கும் அவன், என் பெயரைச் சொல்லி, 'வெங்கடகிருஷ்ணனோட பிள்ளை, பாவம்' என்று ஆகிவிட்டான். சாய் என்று பெயர் சொல்லிப் பேச இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஊர் மாறினால் பேச்சும் மாறும். எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன்.

அப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பகலில் அவன் வரும்போது யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று சுப்ரியா வேலையை விட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஒரு தடவை. சாப்பிடும்போது கருவியை எதிரில் வைத்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமைதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறாள், அந்தக் குட்டி மனிதன் பாலத்தைத் தாண்ட வேண்டுமென்று. அவள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதும்.

போன வாரம் என்னிடம் கேட்டாள், "நானே பட்டனை அமுக்கி அவனைத் தாண்ட வெச்சுடட்டுமாப்பா? எத்தனை நாளா நிக்கறான், பாவம்."

"தொடாதேம்மா. அது அவன் ஆடறது" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். இப்போது நூற்று முப்பது மணியைத் தாண்டிவிட்டது. அதில் நாற்பத்தொன்றுதான் அவனுடையது.

நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். அவளை ஒரு நாளும் போகாதே என்று நான் சொன்னதில்லை. நீ அவளையே கேட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தைரியமாக வா. பெட்டியைப் பரணிலிருந்து நானே இறக்கித் தருகிறேன், வழிக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

அடாப்டர் காலையிலிருந்தே என் சட்டைப் பையில் இருக்கிறது.