டொங்கோரின் இடது முன் டயர்

உங்கள் ஜீப்பின் வலது முன்விளக்கு மங்கலாக எரிகிறது, மேடம். புழுதிக் காற்றுக்காக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தீர்களே, அப்போதே பார்த்தேன். பல்பை மாற்ற வேண்டாம், பல்பில் குற்றமில்லை. எர்த் வயர் பிடிக்கிற இடத்தில் துரு ஏறியிருக்கும், உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். உங்கள் டிரைவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாக்குமூலம் குடுக்க வந்தியா, பல்பு மாட்ட வந்தியா?" என்றார். நல்லதைச் சொன்னால் இந்தக் குமாசியில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

என் பெயர் அம்போஃபோ. சுவாமே மேகசீன் பட்டறைத் தெருவில் இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்கிறேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் நம் டிரைவர்கள் என்ன கேட்பார்கள் தெரியுமா? வண்டிக்கு என்ன என்று கேட்கமாட்டார்கள், அந்த விளக்கை அணைத்துக் கொடு என்பார்கள். மேகசீனில் பாதிப் பேர் டாஷ்போர்டைக் கழற்றி, பல்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வண்டிக்காரனும் வாயெல்லாம் பல்லாகப் போவான். நான் அந்த ஈனத்தனத்தைச் செய்ததில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தத்தை வைத்து ஆல்டர்னேட்டரா பேட்டரியா என்று சொல்லிவிடுவேன். சொன்னது தப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதுவதில் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு அடுத்த கொட்டகை இஸ்ஸிஃபுவுடையது. வடக்கே இருந்து வந்தவன். ஒரு கம்ப்ரஸர், டயரை நெம்ப இரண்டு லீவர், பஞ்சர் ஒட்ட ஒரு வளைந்த கத்தி, தலைக்கு மேலே அடையாளத்துக்குத் தொங்குகிற ஒரு கிழ டயர், இவ்வளவுதான் அவன் தொழில். காற்றடிப்பதை ஒரு வித்தை என்று நினைத்துக்கொண்டிருப்பவன். அவன் கெட்டவனில்லை. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் மூளை வேண்டும்.

செப்டம்பரில் ஒருநாள், ஒஃபின்ஸோ வழியில் ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிற டொங்கோர் ஹாரன் வேலைக்காக என்னிடம் வந்தான். வேனின் முதுகில் 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பான். பிரேக்கையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓட்டுகிற ரகம். நான் ஹாரனைச் சரிசெய்து முடிப்பதற்குள் இஸ்ஸிஃபு அவனுக்கு இடது முன் சக்கரத்தில் வேறு டயர் போட்டுக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் ஓடிக் கழித்த டயர், கப்பலில் வருமே, அது. அந்த ரப்பரின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பல் பூத்திருந்தது. நான் சாதாரணமாகத்தான் சொன்னேன், பத்து வருடத்து டயர், கிறிஸ்துமஸுக்குள் வெடிக்கும் என்று.

இஸ்ஸிஃபு தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அண்ணே, நீங்க கரன்டைப் பாருங்க, காத்தை நான் பாத்துக்கறேன்" என்றான்.

தெருவே சிரித்தது. எதிரில் வாச்சே விற்கிற செர்வா அக்காவின் பெஞ்சில் உட்கார்ந்து காராமணிச் சோறு தின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். வெல்டிங்காரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். இஸ்ஸிஃபு அதோடு விட்டிருக்கலாம். "தேதி உள்பக்கம்தான் அண்ணே இருக்கு. வேணும்னா சக்கரத்தைக் கழட்டிக் காட்டட்டுமா?" என்றான். டயர் பிறந்த தேதியை ஒரு பக்கத்தில்தான் முழுசாக அச்சடிப்பார்கள் மேடம், இதில் அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டது. எனக்கு எண் தேவையில்லை, கண் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"விடுடா இஸ்ஸிஃபு. மாஸ்டர் புடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு காலுதான்" என்றான் டொங்கோர். அதற்கும் சிரிப்பு.

அன்றைக்குப் பிடித்தது சனி. காலையில் நான் கடையைத் திறந்தால் எதிரே வருகிறவன் காலை வணக்கம் சொல்வதில்லை. "என்ன மாஸ்டர், டயர் வெடிச்சுதா?" என்பான். பொட்டல் வெளியில் பந்து விளையாடுகிறவர்கள் பந்து கிழிந்தால், "மாஸ்டர் கண்ணு பட்டுடுச்சுப்பா" என்றார்கள். டொங்கோர் தினமும் என் கடையைத் தாண்டும்போது மூன்று தடவை ஹாரன் அடிப்பான். நான் சரிசெய்த ஹாரன். அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று, அந்தக் கேடுகெட்ட டயர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர், அதுவும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நான் பேட்டரி போய்விட்டது என்று சொன்னதும், "இது நிஜமாவா, இல்ல டொங்கோர் டயர் மாதிரியா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருட உழைப்பு மேடம். ஒரு ரப்பர் வளையம் அதைத் தின்றுவிட்டது.

செர்வா அக்கா ஒருவர்தான் என் பேச்சை மதித்தார். அவர் வீடு ஒஃபின்ஸோ பக்கம். தினமும் டொங்கோர் வண்டியில் வந்து போய்க்கொண்டிருந்தவர், நான் சொன்ன பிறகு அதில் ஏறுவதை நிறுத்தினார். தலையில் சட்டியைச் சுமந்துகொண்டு பெரிய சாலை வரை நடந்து போய் வேறு வண்டி பிடிப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்கு ஆறுதலாக இருக்கும். இவ்வளவு பெரிய தெருவில் ஒரு ஆளுக்காவது புத்தி இருக்கிறதே என்று நினைப்பேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் அவர் டொங்கோர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார். "கோவிச்சுக்காத மாஸ்டர். நானும் மூணு மாசமா நடந்து பாத்துட்டேன். உன் டயர் வெடிக்கல, என் குதிகால்தான் வெடிச்சிருக்கு" என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. மூன்று தடவை ஹாரன்.

நான் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். டப்பாவிலிருந்த ஃபியூஸ்களைக் கொட்டி, அளவு பார்த்து மறுபடி அடுக்கினேன். அது கோபமில்லை. கோபப்படுகிறவர்கள் சாலையில் இறங்கிக் கத்துவார்கள். நான் யோசிக்கிறவன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. இஸ்ஸிஃபு தொழுகைக்குக் கிளம்பினான். வெள்ளிதோறும் கொட்டகையை அப்படியே திறந்து போட்டுவிட்டு, "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவான். அவன் தலை மறைந்த ஐந்தாவது நிமிடம் டொங்கோர் வந்தான். டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறதாம். "பல்பைப் புடுங்கிடு மாஸ்டர், கண்ணை உறுத்துது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு எதிரே சாப்பிடப் போனான். நான் பல்பைப் பிடுங்கவில்லை. இன்ஜினிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை அரித்துப் போயிருந்தது. புதுப் பட்டை வெட்டி, முனை அழுத்தி, முறுக்கிப் போட்டேன். விளக்கு அணைந்தது. என் வேலையில் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு வண்டியின் இடது முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினேன். பஞ்சர் ஒட்டு வெட்டுகிற அந்த வளைந்த கத்தி இஸ்ஸிஃபுவின் பெஞ்சில் இருந்தது. பழி அவன்மேல் விழட்டும் என்று எடுக்கவில்லை மேடம், நீங்கள் அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். என்னிடம் இருப்பதெல்லாம் வயர் உரிக்கிற சின்ன பிளேடு. அது டயருக்கு ஏறாது, அவ்வளவுதான் காரணம்.

மல்லாந்து படுத்து உள்ளே போனேன். டெஸ்ட் லாம்ப்பைப் பேட்டரியில் மாட்டி உள்ளே இழுத்து வைத்திருந்தேன். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். அந்த நாலு எண் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். போன வருடத்து முப்பத்தோராம் வாரம்.

மசூதி ஒலிபெருக்கியில் இமாம் பேசிக்கொண்டிருந்தார். டயரை விரலால் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் ரப்பர் கருகருவென்று, பிசிறில்லாமல், வெடிப்பில்லாமல் இருந்தது. வெளியே நான் பார்த்த சாம்பல் நிறம் வெறும் புழுதியாகவும் இருக்கலாம், கப்பலில் பிடித்த பூஞ்சையாகவும் இருக்கலாம். ஒரு சாதாரண ஆள் என்றால் அங்கேயே இடிந்து போயிருப்பான். நான் நிதானமாக யோசித்தேன். மேகசீனில் எதைத்தான் மாற்ற முடியாது? இன்ஜின் எண்ணை மாற்றுகிறார்கள், சேஸிஸ் எண்ணை மாற்றுகிறார்கள். சூட்டுக் கோலால் ரப்பரில் நாலு எண் எழுதுவதா பெரிய காரியம்? ஆகவே அந்த எண் பொய் என்ற முடிவுக்கு வந்தேன். பொய்யான எண்ணை ஒரு வண்டியில் விட்டுவைப்பது சரியில்லை.

அந்த நேரத்தில் செர்வா அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். அவர் பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. "கீழ என்ன மாஸ்டர் தேடுற? நம்ம வண்டி நல்லா இருக்கில்ல?" என்று கேட்டார்.

"இப்பச் சரியாயிடும் அக்கா" என்றேன்.

அவர் குவளையை முன்சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் அந்த நாலு எண்ணையும் சீவி எடுத்தேன். அதே இடத்தில் உள்ளே இருக்கிற நூல் அடுக்கை அறுத்தேன். மூன்று விரல் நீளம், சீரான ஆழம். கடைசி மெல்லிய ரப்பரை மட்டும் தொடவில்லை, காற்றை அது தாங்கும். வெயிலும் பாரமும் வேகமும் சேரும்வரை தாங்கும். மேலே கிரீஸும் புழுதியும் பூசினேன். கத்தியைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். தண்ணீரைக் குடித்தேன். டொங்கோர் வந்து விளக்கு எரியாததைப் பார்த்துவிட்டு, "பல்பைப் புடுங்கிட்டியா? இப்பதான் நீ மனுஷன் மாஸ்டர்" என்று என் முதுகில் தட்டினான்.

மறுநாள் சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஊரே கிளம்பியிருந்தது. கூரைமேல் சேனைக்கிழங்கு மூட்டை, கோழிக்கூடு, உள்ளே பதினெட்டுப் பேர். செர்வா அக்கா அன்றைக்குச் சீக்கிரம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஏறினார், டிரைவருக்குப் பின்னாலேயே இடம். நான் கடை வாசலில்தான் நின்றிருந்தேன். ஒருவேளை நீங்கள் கேட்பீர்கள், அவரையாவது இறக்கிவிட்டிருக்கலாமே என்று. மூன்று மாதத்துக்கு முன்பே சொன்னேனே மேடம். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சொல்வான்? செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஒஃபின்ஸோ இறக்கத்தில் வெடித்தது. சாலையின் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, இடது சக்கரம் என்பதால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், மரம் ஏற்றி வந்த லாரியில் மோதியது. ஏழு பேர். டொங்கோர், செர்வா அக்கா, அவருக்குப் பக்கத்தில் இருந்த தாயும் இரண்டு குழந்தைகளும், இன்னும் இரண்டு பேர். பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன.

செய்தி வந்ததும் நான் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யாராவது வருவார்கள், வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டி இஸ்ஸிஃபு கொட்டகைக்குப் போனார்கள். அவன் கம்ப்ரஸரை உடைத்தார்கள், அவனை அடித்தார்கள், நீங்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அப்போதுகூட நான் பேசவில்லை. பிறகு உங்கள் நிபுணர் அறிக்கை கொடுத்தாராம்: நல்ல டயர், மாட்டும்போது லீவர் சறுக்கி உள்பக்கம் கிழிந்திருக்கிறது என்று. வெல்டிங்காரன் என் காதுபடவே சொன்னான், "பாவம், டயர் தங்கமான டயராம்பா" என்று.

லீவர் சறுக்கியதா? லீவர் சறுக்கினால் அப்படியா கிழியும்? கோணல்மாணலாகப் பிய்ந்திருக்கும். உங்கள் நிபுணர் டயரைப் பார்த்தாரா, மதியச் சாப்பாட்டைப் பார்த்தாரா? அந்த இஸ்ஸிஃபுவும் ஒன்பது நாள் உங்கள் அறையில் கிடந்துவிட்டு, "என் கை சறுக்கியிருக்கும், அல்லாதான் மன்னிக்கணும்" என்று கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டானாம். நேற்று அவன் மனைவி கைக்குழந்தையோடு என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, "அவரு வேலையில அலட்சியம் பண்ணமாட்டாருன்னு நீங்களாவது சொல்லுங்க மாஸ்டர், உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு" என்று அழுதாள். மதிப்பு இருக்கிறதாம். அதனால்தான் வந்தேன். அவனுக்காக இல்லை. அப்படி ஒரு சுத்தமான அறுப்பை அவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அறுக்கமாட்டான், அது அவன் கணக்கில் போகக் கூடாது.

ஆமாம். நான்தான் அறுத்தேன். தெரிந்து அறுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த டயர் எப்படியும் வெடிக்கவேண்டிய டயர்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நீங்களும் அந்தத் தெருக்காரர்கள் மாதிரியே பார்க்கிறீர்கள். என்னை மேகசீனுக்குக் கூட்டிப்போய் நிறுத்துங்கள், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அங்கே இப்போது விஷயம் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை, அதுதான் வருத்தம். செர்வா அக்கா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், மாஸ்டர் சொன்னது சரிதான் என்று அவராவது ஒத்துக்கொண்டிருப்பார்.